சோளமாவுத் தண்ணீர்

காதுக்குக் கீழே மூன்று விரல் தள்ளித் துடிக்கிறது. கத்தியைப் படுக்கப்போட்டுச் செருகி, வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. நெய்மீனின் செவுளைத் திறப்பதைவிட லேசு. மீனாவது கையில் வழுக்கும். இவன் அசையக்கூட மாட்டான். மாமியிடமிருந்து அப்படி ஒன்று வரும் என்று இவன் எதிர்பார்க்கவா போகிறான்.

செசிலி இப்படி நினைத்துக்கொண்டே மீனின் தலையைத் தனியாக்கி வட்டிலில் வைத்தாள். இருபத்தைந்து வருடமாகத் திருவட்டாறு சந்தையில் மீன் வெட்டி விற்கிற கை. நினைப்பு எங்கே போனாலும் அது தன் வேலையைப் பார்க்கும்.

அவள் அளவெடுத்துக்கொண்டிருந்த கழுத்து ஸ்மைலினுடையது. அவளுடைய அண்ணன் மரியஜானின் மகன். இருபத்துநாலு வயது. வந்து அரைமணி நேரமாகியும் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, காலின் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், மாலை போட்ட படத்தில், பாதி உடைந்த முன்பல் தெரியச் சஜின் சிரித்துக்கொண்டிருந்தான். செசிலியின் மகன். பெரிய வெள்ளியன்று செத்தான். அடக்கம் செய்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

மீன் அண்ணன் கொண்டுவந்தது. பேச்சு முறிந்த வீட்டுக்குச் சமாதானம் பேச வருகிறவர்கள் முழுமீனோடு வருவது அந்த ஊர் வழக்கம். வீட்டுக்காரி அதைத் தொடாவிட்டால் வந்தவர்கள் எழுந்து போய்விட வேண்டும். வெட்டினால் பேசலாம். சமைத்து, இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்திருந்து சாப்பிட்டால் பகை முடிந்தது. செசிலி வெட்ட உட்கார்ந்ததைப் பார்த்ததும் மரியஜானின் தோள் தளர்ந்தது. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்தது. என் மகன் சஜின் பிறவியிலேயே இதயநோய் உள்ளவன், அந்த நோயினால்தான் இறந்தான், அவனுடைய சாவில் எனக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை, வழக்கு வேண்டாம். கீழே அவள் பெயரெழுதி ஒப்பு போட வேண்டும். போட்டால் ஸ்மைலின் மாதக் கடைசியில் கத்தாருக்குப் போகலாம். விசா வந்துவிட்டது. போலீஸ் நற்சான்று ஒன்றுதான் பாக்கி.

பிறவியிலேயே இதயநோய். அந்த வார்த்தைகளைச் செசிலி மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். பொய் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை இத்தனை நாளும் தூங்கவிடாமல் அறுத்தது.

சஜினுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. ஏழாவது மாதத்தில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பால் குடிக்காமல் கிடந்தது. மூன்றாம் நாள் விடிந்தபோது பாயில், அவளுக்குப் பக்கத்தில், விறைத்துப்போயிருந்தது. தூக்கத்தில் பிள்ளைமேல் உருண்டு நசுக்கிவிட்டாள் என்று புருஷன் வீட்டில் சொன்னார்கள். புருஷன் சிலுவை வேறு ஆளில்லை, அவளுடைய தாய்மாமன் மகன்தான். சின்ன வயதில் அவளுக்கு நாவல்பழம் பறித்துக் கொடுத்தவன். அவனே படகு எஞ்சினை இழுத்துக் கிளப்புகிற கயிற்றை இரட்டையாக முறுக்கி, பால் கட்டிய மார்போடு கிடந்தவளை அடித்தான். அன்றைக்கு விழுந்த ஓர் அறையில் இடது காது போனது. இன்றும் சந்தையில் அந்தப் பக்கம் நின்று விலை கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சஜினுக்கு நாலு வயதில் ஒருநாள் வாந்தி வந்து, சாப்பிடாமல் சுருண்டு, சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது. திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதயம் வயதுக்கு மீறி வீங்கியிருக்கிறது என்றார்கள். மூன்று பேருடைய ரத்தத்தையும் எடுத்து எங்கோ தூரதேசத்துக்கு அனுப்பினார்கள். விடை வந்த அன்று டாக்டரம்மா அவளிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். மீன் விற்கிறேன் என்றாள். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இதயம் அணையவே கூடாத அடுப்பு, அதற்கு முக்கிய விறகு கொழுப்பு, வயிறு காலியாக இருக்கும்போது இன்னும் அதிகமாக அதையே எரிக்கும் என்றாள். ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு நீளம். நெய்மீனை முழுசாக அடுப்பில் வைக்க முடியாதே, வெட்டத்தானே வேண்டும். அப்படி வெட்டுவதற்கு உடம்பு சில கத்திகளைச் செய்து வைத்திருக்கிறது. நொதி என்று பெயர். நீளமான கொழுப்பில் முதல் வெட்டுப் போடுகிற கத்தி இந்தப் பிள்ளைக்கு மழுங்கல். அம்மாவிடமிருந்து ஒரு மழுங்கல், அப்பாவிடமிருந்து ஒரு மழுங்கல், இரண்டும் சேர்ந்து இவனிடம் வந்துவிட்டது. பட்டினி கிடந்தால் அடுப்பும் அணையும், வெட்டுப்படாத கொழுப்பு இதயத்திலேயே தேங்கி அதன் தாளத்தையும் கெடுக்கும்.

அதனால் பட்டினி போடாதே. அவ்வளவுதான் மருந்து. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது கொடு. படுக்கும் முன் பச்சைச் சோளமாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடு, அது மெல்லக் கரைந்து ராத்திரி முழுக்க நிற்கும். சாளை மீன் வேண்டாம், பொரித்தது வேண்டாம். தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மருந்தெண்ணெய் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளது நெத்திலி மாதிரிக் குட்டிக் கொழுப்பு, வெட்டாமலே அடுப்பில் போகும்.

மூத்த பிள்ளையும் இதில்தான் போயிருக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னாள். சிலுவை வராந்தாவில் போய்க் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு அவன் அவளை அடிக்கவில்லை. ஆறு வருடம் கழித்துக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. காதும் திரும்பவில்லை.

இரண்டு வருடத்தில் சஜினின் இதயம் பழைய அளவுக்கு வந்தது. அதைக் காட்டிய ஸ்கேன் படத்தை அவள் மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஊரில் யாருக்கும் தெரியாது, அவள் ஒரு இதயத்தைத் தன் கையாலேயே அமுக்கிச் சிறிதாக்கினாள் என்பது.

கையால்தான். அதைத்தான் அவள் தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சஜின் குடிக்க மாட்டான். பச்சை மாவு சுண்ணாம்பு மாதிரி நாக்கில் ஒட்டும். அவள் அவனை மல்லாத்தி, முழங்காலால் இரண்டு கையையும் அமுக்கி, தாடையை நெரித்து, வாய் திறந்ததும் ஊற்றுவாள். உறங்குகிறவனை அறைந்து எழுப்புவாள். ஐந்து வயதில் ஒருநாள் எவர்சில்வர் கரண்டியை வேகமாகத் திணித்ததில் முன்பல் உடைந்தது. பால்பல் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எட்டாவது வயதில் முளைத்த பல்லையும் அவளேதான், அதே கரண்டியால், உடைத்தாள். அந்த ரத்தத்தோடு சேர்த்தே மீதி மாவை விழுங்க வைத்தாள். விழுங்கினான். பிழைத்தான்.

வளர்ந்த பிறகு பள்ளிக்கூட வாசலில் தம்ளரோடு போய் நின்றாள். பதினேழு வயதில் ஆட்டோ நிறுத்தத்தில் கூட்டுக்காரர்களோடு நின்றவன் அவள் கையைத் தட்டிவிட்டபோது, அத்தனை பேர் முன்னால் செவிட்டில் ஒன்று விட்டாள். சஜின் எல்லார் காலையும் ஒருமுறை பார்த்தான். தம்ளரை வாங்கிக் குடித்தான். வீட்டுக்கு வந்துதான் கேட்டான், நீ என்னை உயிரோட வச்சிருக்கியா, கட்டி வச்சிருக்கியா என்று. அவள் அடுத்த வேளைக்கு மாவு அளந்துகொண்டிருந்தாள்.

அவனுக்குப் பட்டினி ஆகாது என்பது ஊருக்கே தெரியும். சஜினுக்குப் பத்து வயதானபோது பங்குச்சாமியே பூசையில் சொல்லியிருந்தார், தவசு நாளில் இந்தப் பிள்ளைக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது, பட்டினி கிடந்தால் உயிருக்கு ஆபத்து, சாப்பிடுவதைப் பார்த்து யாரும் ஏசக்கூடாது என்று. ஏசவில்லை. மணிக்கஞ்சி என்று பேர் வைத்தார்கள். பெரிய வெள்ளியன்று ஊரே உமிழ்நீர் விழுங்காமல் கிடக்க, மணிக்கஞ்சி மட்டும் மணிக்கொரு தரம் தின்பான் என்று.

பெரிய வெள்ளியில் சிலுவை தூக்குவதற்குப் பன்னிரண்டு இளவட்டங்கள் உண்டு. வியாழன் சாயங்காலம் ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு வலைக்கூடத்துக்குள் போவார்கள். மறுநாள் மூன்று மணிக்குச் சிலுவை குருசடிக் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. பன்னிரண்டில் ஒருவன் ஒருசந்தியை முறித்தால் பன்னிரண்டு பேருக்கும் முறிந்ததாகக் கணக்கு, அந்த வருடம் கடல் வாய்க்காது. இந்த வருடம் அவர்களுக்குத் தலைவன் ஸ்மைலின்.

சஜின் அந்த வியாழக்கிழமை கீரிப்பாறைக்குப் போவதாகச் சொன்னான். ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுகிற ஒரு கூட்டுக்காரன் வீட்டில் இரண்டு நாள். அவள் நாலு பொட்டலம் மாவும் சீனியும் கட்டிக் கொடுத்தாள். பையன் பஸ் ஏறவே இல்லை.

மறுநாள் அவள் சிலுவைப்பாதையில் பெண்களோடு பின்னால் நடந்தாள். புலம்பல் பாடினாள். ஏழாம் ஸ்தலத்தில் முன்பக்கம் ஒரு சலசலப்பு. சிலுவை தூக்கின பையன் ஒருத்தன் அப்படியே முகம் குப்புற விழுந்தானாம், ஆண்டவர் விழுந்த அதே ஸ்தலத்தில். பெண்கள் அழுதார்கள். செசிலியும் மாரில் அடித்துக்கொண்டாள். என்ன பக்தி, எந்தத் தாய் பெத்த பிள்ளையோ என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். சிலுவை வேறு தோள்களுக்கு மாறி எட்டாம் ஸ்தலத்துக்கு நகர்ந்துவிட்டது. விழுந்தவன் எழவில்லை. கூட்டம் விலகியது. மணலில் திறந்து கிடந்த வாயில் அந்தப் பாதிப் பல்லை அவள் பார்த்தாள்.

பிணப் பரிசோதனை அறிக்கையில் எல்லாம் வரிசையாக இருந்தது. இதயத் தசை தடித்திருக்கிறது, தசைநார்களில் கொழுப்புத் துளிகள், இரைப்பை காலி. இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம். முதுகிலும் தொடையிலும் விலாவிலும் கன்றிய காயங்கள், ஆனால் அவை மட்டும் உயிர்போகக் காரணமாகா. பழைய காயம், முன்பல் ஒன்று உடைந்தது. அந்தக் கடைசி வரியை யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியபோது செசிலி அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அந்த இளவட்டங்கள் செய்ததும் அவள் செய்ததும் ஒரே பட்டியலில், ஒரே மையில்.

கயிற்றுத் தடத்துக்காகத்தான் போலீஸ் வழக்கு எழுதியது. இளவட்டங்கள் பதினொரு பேரும் ஒன்றும் தெரியாது என்றார்கள்.

இப்போது மரியஜான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவர் பேசியதில் புதிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகள் பிள்ளைகள்தான். வேறு எந்தப் பையனாக இருந்தாலும் அன்றைக்குச் சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பான். ஆண்டவர் அவனுக்கு அப்படி ஓர் இதயத்தைக் கொடுத்துவிட்டார். போன பிள்ளை போய்விட்டான், இருக்கிற பிள்ளையையும் ஏன் கெடுக்க வேண்டும். இவனையும் நீதானே இடுப்பில் தூக்கி வளர்த்தாய்.

அது உண்மை. ஸ்மைலினின் தாய் அவன் பிறந்த பிறகு ஒரு வருடம் படுத்த படுக்கை. செசிலிக்கு அப்போது பிள்ளை செத்துப் பால் வற்றாத காலம். இவன்தான் குடித்தான். அடிபட்ட மார்பில், கயிற்றுத் தழும்பு ஆறாத இடத்தில், இவன் வாய் வைத்துக் குடித்தான்.

அவள் நடுமுள்ளின் மேல் கத்தியை வைத்து உள்ளங்கையால் தட்டினாள். முள் முறிந்தது.

"கையில கயிறு எப்படி வந்துது அண்ணே?"

மரியஜான் எதிர்பார்க்கவில்லை. ஜெபத்துக்குக் கட்டுகிற கயிறாக இருக்கும் என்றார். பிறகு அவராகவே அந்தப் பதிலைக் கைவிட்டு, மகன் பக்கம் திரும்பினார். சொல்லுலே என்றார். ஸ்மைலின் நகத்தைப் பார்த்தான். மரியஜான் எழுந்து இடுப்பு பெல்ட்டை உருவினார்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். மாமிகிட்ட சொல்லுலே, சொல்லுலே என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை. செசிலி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அடி தெரிந்த கை அண்ணனுடையது. சதை உள்ள இடமாகப் பார்த்து இறக்கினார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கண் ஒருமுறை அவள் பக்கம் வந்து போனது, விலை படிந்ததா என்று பார்க்கிற கண். அவளுக்குள் ஏதோ ஒன்று அந்த அடிகளை எண்ணி ருசித்தது. இன்னும், இன்னும் கீழே, விலாவில், சஜினுக்கு விழுந்த இடத்தில். அந்த ருசியை அவளே நாக்கில் உணர்ந்து வெறுத்தாள். ஆனாலும் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்மைலின் திமிறியதில் கொக்கி தவறி உதட்டில் பட்டது. ரத்தம் தாடையில் வழிந்தது. மரியஜானே திடுக்கிட்டு நின்றுவிட்டார். இது அவர் நினைத்து வந்ததில் இல்லாதது. அப்போதுதான் ஸ்மைலின் பேசினான், சின்னப் பிள்ளை போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அவனாத்தான் வந்தான் மாமி. ஒரு வருஷமாவது நானும் தூக்கணும்னு எனக்க காலைப் பிடிச்சான். நான் விட்டேன். விடியக்காலம் பாத்தா ஒளிஞ்சிருந்து மாவுப் பொட்டலத்தைப் பிரிக்கான். ஒருத்தன் முறிச்சா எல்லாருக்கும் போச்சுல்லா. பிடுங்கிக் கடல்ல கொட்டினேன். வீட்டுக்கு ஓடப் பாத்தான். பிடிச்சுக் கெட்டிப் போட்டோம்."

"பொறவு?"

"சத்தம் போட்டான். வெளிய கேக்கும்னு அடிச்சோம்."

"என்னன்னு சத்தம் போட்டான்?"

அவன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அம்மைய கூப்பிடுங்கலே, மாவு கொண்டு வருவான்னு."

செசிலி கத்தியைப் பலகையில் வைத்தாள். நேராக வைத்தாள், நுனி தன் பக்கம் பார்க்க.

"உனக்குத் தெரியாதா மக்கா, அவன் பட்டினி கெடக்கப்பிடாதுன்னு."

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் பட்டினியில எவனாவது சாவானான்னு நெனச்சோம். நீங்க சும்மா பயங்காட்டுதீங்கன்னு." அவன் உதட்டைத் துடைத்தான். "நட்டுச்ச வெயிலானப்ப அவிழ்த்துவிட்டோம். சிலுவைய தொட்டா சரியாயிரும்னு நான்தான் அவனுக்க தோளுல ஏத்தினேன்."

அலமாரியின் மேல் சஜினின் கைபேசி அலறியது. மணி மூன்று. மூன்று மணி நேரத்துக்கொரு தரம் அலறுவதற்கு அவன் வைத்தது, அவளுக்காக. அவள் இன்னும் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள்.

கால்கள் எழுந்தன. அடுக்களையில் டப்பாவைத் திறந்து மூன்று கரண்டி மாவை எடுத்துத் தம்ளரில் போட்டு, பச்சைத் தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் கலக்கினாள். பாதி கலக்கும்போதுதான் குடிக்க ஆளில்லை என்பது வந்தது. முப்பத்தெட்டு நாளாக அது அந்தப் பாதியில்தான் வருகிறது. வந்ததும் கொட்டிவிடுவாள். இன்றைக்குக் கொட்டவில்லை. கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

ஸ்மைலினின் முன்னால் முழங்காலிட்டாள். குடி என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பினான். அடுத்து நடந்ததை அவள் தீர்மானித்துச் செய்யவில்லை. பதினாறு வருடம் பழகிய கை செய்தது. இடது கை அவன் தாடையை நெரித்தது, பெருவிரல் ஒரு பக்கம், மற்ற நாலும் மறுபக்கம். முழங்கால் அவன் முழங்கையை அமுக்கியது. வாய் திறந்தது. ஊற்றினாள். அவன் திமிறினான், புரைக்கேறியது, வெள்ளைத் தண்ணீர் ரத்தத்தோடு கலந்து கழுத்தில் வழிந்தது. விழுங்குலே என்றாள். கரண்டியால் மாவை வழித்துத் தொண்டைவரை திணித்தாள். இதுதான் நீ கொட்டினது, இவ்வளவுதான், இவ்வளவு போதும் அவனுக்கு, விழுங்கு. ஏட்டி விடுட்டி, பிள்ள செத்திருவான் என்று மரியஜான் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். செவிட்டுக் காதின் பக்கம் அந்தச் சத்தம் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்டது.

கரண்டி பல்லில் மோதியது. கிணுக்.

அவள் கை நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். அடுத்த அழுத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

அவனுடைய இரண்டு கண்ணும் அவளைப் பார்த்தன, இன்றைக்கு முதல் தடவையாக. கீழே கிடந்து இப்படிப் பார்க்கிற கண்களை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், வேறு முகத்தில். அவளுடைய விரல்கள் அவன் காதுக்குக் கீழே அழுந்தியிருந்தன. அங்கே துடித்துக்கொண்டிருந்தது. வேகமாக, பயந்து, ஆனால் ஒரு துடிப்புத் தவறாமல். காலையிலிருந்து இவன் ஒன்றும் தின்றிருக்க மாட்டான், பயத்தில். அதனால் என்ன. உள்ளே கத்திகள் தம் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கின்றன, அடுப்பு எரிகிறது. இவனுடைய அப்பாவிடமும் அவளைப்போல ஒரு மழுங்கல் இருக்கலாம், இவனிடமும் இருக்கலாம். மற்றது கூராக இருந்தால் போதும், வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடும். எவ்வளவு சாதாரணமான இதயம். அதை நிறுத்துவதற்கு ஒரு விரல் போதும்.

விரலை எடுத்தாள். முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்தாள். அன்பு என்று அதற்குப் பெயர் வைக்க அவளால் முடியவில்லை. சிந்தினதைத் துடைத்தாள், அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் பலகையின் முன்னால் உட்கார்ந்தாள்.

ஸ்மைலின் இருமிக்கொண்டிருந்தான். மரியஜான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். காகிதத்தைப் பிரித்து, மீன் ரத்தம் படாத இடமாகப் பார்த்துத் தரையில் வைத்தார். மேலே பேனாவை வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஆச்சு மக்கா. உனக்க ஆத்திரமும் தீந்துது, அவனும் உள்ளதச் சொல்லியாச்சு. ஒப்பு போடு. நோயிலதான் செத்தான்னு டாக்டரே எழுதியிருக்காரு."

"அந்த நோயோட அவன் இருபது வருஷம் இருந்தான் அண்ணே."

மரியஜான் காகிதத்தை இன்னும் அவள் பக்கமாகத் தள்ளினார். பிறகு, அவள் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோர்ட் என்று போனால் அவர்களுக்கும் வக்கீல் உண்டு. பல்லை உடைத்தது யார் என்று கேட்பான். ஆட்டோ நிறுத்தத்தில் அடித்தது யார் என்று கேட்பான். வாலிபப் பிள்ளை எதற்காகத் தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டினி கிடக்கப் போனான், யாரிடமிருந்து தப்பிக்கப் போனான் என்று கேட்பான். ஊரே சாட்சி சொல்லும். மூத்ததை நசுக்கினவள், இளையதை விரட்டினவள் என்பார்கள். உனக்கு அது தேவையா.

காகிதத்தில் அவள் பெயருக்கு நேரே ஒரு வெற்றிடம் இருந்தது. அதில் பெயரை எழுதினால் பல் இல்லை, கரண்டி இல்லை, ஆட்டோ நிறுத்தம் இல்லை. நோய் வந்தது, நோய் கொண்டுபோனது. பிள்ளை அவளிடமிருந்து ஓடவே இல்லை. அந்தக் காகிதம் ஸ்மைலினுக்கு மட்டும் விடுதலை கொடுக்கவில்லை, அவளுக்கும் கொடுத்தது. அதனால்தான் அவள் முப்பத்தெட்டு நாளாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள், தான் போட்டுவிடுவோமோ என்று.

வலைக்கூடத்தின் தகரக் கதவுக்குப் பின்னால், கட்டிய கையோடு, ஒரு பையன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஓடிப்போனவன்தான். ஆனாலும் மாவோடு யார் வருவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"கேக்கட்டும்," என்றாள். "பல்ல நான்தான் உடச்சேன்னு சொல்லுதேன்."

அவள் நெய்மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் கொண்டுவந்த அதே பையில் போட்டாள். தலையையும் போட்டாள். பையின் வாயைச் சுருட்டி முடிந்து அண்ணனின் காலருகே வைத்தாள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பேனாவை எடுத்து மூடியைப் போட்டு அவருடைய சட்டைப்பையில் செருகினாள். மரியஜான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். செசிலி, ஒரே ஒரு ஒப்பு என்றார்.

சந்தையில் சாளை கேட்டு வருகிறவர்களிடம் இன்றைக்கு வரவில்லை என்று சொல்வாளே, அதே குரலில் அவள் சொன்னாள்.

"போட மாட்டேன் அண்ணே."